ஒரு குளுக்கோஸ் கடந்த சவ்வுகள்

அது பிறந்தது ஒரு மக்காச்சோள இலையில். காற்றிலிருந்த கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சித் தந்த நீரையும் வெயிலை வைத்து இலை ஒட்டியது. ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். பிறகு ஆயிரக்கணக்கான உடன்பிறப்புகளோடு கோத்துக்கொண்டு சோளமணிக்குள் மாவுச்சத்தாகக் கிடந்தது. ஆலையில் நொதிகள் அந்தக் கோவையைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டன. தனியாக உதிர்ந்த குளுக்கோஸ் வெள்ளைப் பொடியாக உலர்ந்து, உப்புகளோடு சேர்ந்து, ஓர் ஓஆர்எஸ் பொட்டலத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் கணக்கு அச்சிட்டிருக்கும். குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். ஒரு லிட்டர் குடிநீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்க வேண்டும். நம் வீடுகளில் பலர் ஒரு தம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கிவிட்டு, மீதியை மடித்து அலமாரியில் செருகிவிடுகிறார்கள். அது ஏன் தப்பு என்பது போகப்போக விளங்கும். அந்த 13.5 கிராமில் இருக்கும் மூலக்கூறுகளை எண்ணி எழுத வேண்டுமானால் 45 போட்டு அதன் பின்னால் 21 சுழியம் போட வேண்டும். அவற்றில் ஒன்றே ஒன்றின் பின்னால் போவோம்.

வயிற்றுப்போக்கில் துவண்டுபோன ஒரு குழந்தைக்கு அந்தத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுகிறார்கள். இரைப்பையில் நம் மூலக்கூறுக்கு வேலை இல்லை. ஏற்கெனவே உடைத்துத் தந்த சர்க்கரை என்பதால் செரிக்க ஒன்றும் மிச்சமில்லை. சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அங்கே சுவர் வழவழவென்று இருக்காது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் உறிஞ்சியையும் செல்கள் வரிசையாகப் போர்த்தியிருக்கும். ஒவ்வொரு செல்லின் முகத்திலும் ஆயிரக்கணக்கான நுண்ணுறிஞ்சிகள். வயது வந்த ஒருவரின் செரிமானப் பாதையை இந்த மடிப்புகளோடு விரித்து அளந்தால் சுமார் 30 சதுர மீட்டர் வரும். டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய பாடநூல்கள் சொன்னது மிகை. ஆனாலும் இடுப்புக்குள் மடித்துவைத்த பொருளுக்கு 30 சதுர மீட்டர் குறைச்சல் இல்லை.

இத்தனை பரப்பையும் போர்த்தியிருப்பது செல் சவ்வு. அதன் கொழுப்பு அடுக்கின் கனம் நான்கைந்து நானோமீட்டர். நம் குளுக்கோஸின் நீளம் ஒரு நானோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தன் உயரத்தைப்போல ஐந்தாறு மடங்கு கனமுள்ள சுவர்தான், அதுவும் கல்லும் சிமென்டும் இல்லை, எண்ணெய். இருந்தும் குளுக்கோஸால் அதைத் தாண்ட முடியாது. அதன் உடம்பெங்கும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாகத் துருத்திக்கொண்டிருக்கின்றன. அந்த ஜோடிகள் நீர் மூலக்கூறுகளை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். எண்ணெய்க்குள் நுழைய வேண்டுமானால் பற்றிய நீரையெல்லாம் உதற வேண்டும். உதற அதற்கு மனம் வராது என்று கதையாகச் சொல்லலாம். சக்திக் கணக்கு கட்டுப்படியாகாது என்பது உண்மையான காரணம்.

சவ்வு எண்ணெய்தான் என்று முதலில் உறுதியாகச் சொன்னவர் சார்லஸ் எர்னஸ்ட் ஓவர்டன். 1890களில் சூரிச்சில் செடிகளின் வேர்த்தூவிகளையும் தலைப்பிரட்டைகளையும் விதவிதமான கரைசல்களில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெயில் எளிதில் கரைகிற பொருள்கள் செல்லுக்குள் சட்டென்று புகுந்தன. நீரில் மட்டும் கரைகிற சர்க்கரை போன்றவை வெளியே நின்றன. நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்துவிட்டு, செல்லின் எல்லையில் கொழுப்பு போன்ற ஒன்று இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அந்தச் சவ்வை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. எது உள்ளே போகிறது, எது போகவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லை எதனால் ஆனது என்று சொன்னார்.

அந்தக் கொழுப்பு எத்தனை அடுக்கு என்ற கேள்விக்குப் பதில் ஒரு சமையலறையிலிருந்து கிளம்பி வந்தது. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ் பல்கலைக்கழகப் பக்கம் போனதில்லை. பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் படலம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்து, ஒரு தொட்டியும் நகரும் தகடும் வைத்து நீரின் மேல் படரும் படலத்தை அளக்கும் வழியைக் கண்டார். இங்கிலாந்திலிருந்த ரேலி பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ரேலி அதை 1891-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவரச் செய்தார். அந்த முறையை அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் இன்னும் கூர்மையாக்கினார். 1932-ல் நோபல் பரிசும் பெற்றார்.

இதே தொட்டியை நெதர்லாந்தின் லைடனில் 1925-ல் எவர்ட் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய உதவியாளர் கிரெண்டலும் எடுத்துக்கொண்டார்கள். ஆடு, நாய், முயல், மனிதன் எனப் பல இரத்தங்களைச் சேகரித்தார்கள். சிவப்பணுக்களை எண்ணி, ஒவ்வொன்றின் மேற்பரப்பையும் கணக்கிட்டு, அவற்றிலிருந்த கொழுப்பை அசிட்டோன் கொண்டு பிரித்தெடுத்து நீரின் மேல் பரப்பினார்கள். கொழுப்பு பிடித்த இடம் அணுக்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு. அப்படியானால் ஒவ்வோர் அணுவையும் கொழுப்பு இரண்டு அடுக்காகப் போர்த்தியிருக்கிறது! நீரை விரும்பும் தலைகள் உள்ளும் புறமும் பார்த்திருக்க, நீருக்கு ஆகாத வால்கள் நடுவில் ஒன்றையொன்று நோக்கிக் கிடக்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால் அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் எடுக்கவில்லை. உலர்ந்து சுருங்கிய அணுவை அளந்ததால் மேற்பரப்பும் குறைவாகவே வந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடையைக் கொடுத்தன. நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொரு குழு மறுபடி அளந்தபோதுதான் இது வெளியே வந்தது.

இரண்டடுக்கு என்றதும் உறைந்த சுவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1970-ல் ஃப்ரையும் எடிடினும் ஒரு எலிச் செல்லையும் ஒரு மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். எலிப் புரதங்களுக்கு ஒரு நிறம், மனிதப் புரதங்களுக்கு வேறொரு நிறம். உடல் வெப்பநிலையில் 40 நிமிடத்துக்குள் இரண்டு நிறமும் கலந்துவிட்டன. சவ்வில் பதிந்த புரதங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. கொழுப்பு மூலக்கூறுகளோ நொடிக்குள் பல லட்சம் முறை பக்கத்து வீட்டாரோடு இடம் மாற்றிக்கொள்ளும். ஆனால் உள்ளடுக்கிலிருந்து வெளியடுக்குக்குத் தாவுவது மட்டும் அபூர்வம். தலையை எண்ணெய்க்குள் முக்கியெடுக்க வேண்டுமே. இதையெல்லாம் சேர்த்துத்தான் 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் இன்று எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும் சவ்வுப் படத்தைத் தந்தார்கள். அதில் கொலஸ்ட்ராலுக்கும் கௌரவமான இடம் உண்டு. சூட்டில் சவ்வு இளகிப்போகாமலும் குளிரில் கெட்டிப்படாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் மட்டும் அதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம்.

நம் குளுக்கோஸ் இன்னும் குடலில், அந்த எண்ணெய்ச் சுவருக்கு வெளியேதான் நிற்கிறது. அதை உள்ளே விடச் சவ்வில் ஒரு புரதம் குந்தியிருக்கிறது. பெயர் எஸ்ஜிஎல்டி1. இதன் மரபணுவை 1987-ல் லாஸ் ஏஞ்சலிஸில் எர்னஸ்ட் ரைட்டின் குழு பிரித்தெடுத்தது. சவ்வின் இரு பக்கமும் எட்டும்படி மடிந்து மடிந்து கிடக்கும் இந்தப் புரதம் இரண்டு கதவுள்ள வாசல் மாதிரி. வெளிக்கதவு திறந்திருக்கையில் உள்கதவு மூடியிருக்கும். இரண்டும் சேர்ந்து திறப்பதே இல்லை, திறந்தால் அது வாசல் இல்லை, ஓட்டை.

முதலில் வருவது குளுக்கோஸ் இல்லை, சோடியம். இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே வந்து உட்கார்ந்தவுடன் புரதத்தின் வடிவம் கொஞ்சம் மாறுகிறது. அப்போதுதான் குளுக்கோஸுக்குப் பொருத்தமான இடம் உருவாகிறது. நம் மூலக்கூறு அதில் உட்காருகிறது. உடனே வெளிப்பக்கம் மூடிக்கொள்கிறது, உட்பக்கம் திறக்கிறது. செல்லுக்குள் சோடியம் மிகக் குறைவு, ஆகவே இரண்டு சோடியமும் உள்ளே நழுவிவிடுகின்றன. அவை போனபின் குளுக்கோஸின் பிடியும் தளர்கிறது, அதுவும் உள்ளே விழுகிறது. காலியான புரதம் திரும்ப வெளிப்பக்கம் திறக்கிறது. நொடிக்குப் பல பத்து முறை இந்தச் சுற்று நடக்கும். கவனிக்க வேண்டியது, குளுக்கோஸை உள்ளே தள்ளப் புரதம் தன் கையிலிருந்து சக்தி எதுவும் செலவழிப்பதில்லை. செல்லுக்குள் ஏற்கெனவே குளுக்கோஸ் மிகுந்திருந்தாலும் இன்னும் ஏற்ற முடிகிறது. சோடியம் உள்ளே இறங்கத் துடிக்கிற துடிப்புதான் முதல்.

சோடியத்துக்கு அந்தத் துடிப்பைத் தந்தது யார்? செல்லின் மறுபக்கத்தில், இரத்தத்தைப் பார்த்த முகத்தில் வேலை செய்யும் வேறொரு புரதம். செல்லின் சக்தி நாணயமான ஏடிபி ஒன்றைச் செலவிட்டு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, இரவும் பகலும். நாம் சும்மா படுத்துக்கிடக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்தப் பம்புக்கே போகிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸில் ஜென்ஸ் ஸ்கூ என்ற மருத்துவர், மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று தேடப்போய், கடற்கரை நண்டின் கால் நரம்புகளில் இதைக் கண்டார். கட்டுரை வெளியானது 1957. நோபல் பரிசு கிடைத்தது 1997. நாற்பது ஆண்டு காத்திருப்பு.

நம் தேசிய நெடுஞ்சாலைகளின் நடுவில் செவ்வரளி நட்டிருக்கிறார்களே, மாடு வாய் வைக்காது என்பதும் அதற்கு ஒரு காரணம். அரளியின் நஞ்சு போய் உட்காருவது இந்தப் பம்பின் மேல்தான். பம்பு நின்றால் முதலில் தடுமாறுவது இதயம். வேறொரு செடியிலிருந்து வரும் அதே வகைப் பொருளான டிஜாக்சினை மிகச் சிறிய அளவில் இதய நோய்க்கு மருந்தாகவும் கொடுக்கிறார்கள்.

ஆக, உப்பு இல்லாமல் சர்க்கரை உள்ளே வராது. சர்க்கரை கூட இருந்தால் உப்பு நிறைய உள்ளே வரும். உப்பும் சர்க்கரையும் போகிற பக்கம் நீரும் போகும். சவ்வுயிரியலில் உயிர் காத்த கணக்கு என்று ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதை மருத்துவம் கண்டுகொண்ட கதை சற்று மெதுவாகவே நடந்தது.

காலராவில் குடலே கிழிந்து போகிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். கல்கத்தாவில் சம்பு நாத் டே, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவம் மட்டுமே முயலின் குடலில் நீரைக் கொட்ட வைக்கும் என்று 1959-ல் காட்டினார். அதாவது கிருமி சுவரை இடிப்பதில்லை, ஒரு நஞ்சை விடுகிறது. அந்த நஞ்சு குடல் செல்லுக்குள் புகுந்து குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. குளோரைடு போகிறது, பின்னால் சோடியமும் நீரும் போகின்றன. கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரை இழப்பார். உப்பு வழக்கமாக உள்ளே வரும் இன்னொரு பாதையையும் நஞ்சு அடைத்துவிடுகிறது, ஆகவே வெறும் உப்புநீர் குடித்தால் பயனில்லை. ஆனால் எஸ்ஜிஎல்டி1-ஐ நஞ்சு தொடுவதே இல்லை. வெள்ளமாகப் பாயும் குடலில் அந்த ஒரு வாசல் மட்டும் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருக்கும்.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்துதான் நுழைகின்றன என்று ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராகில் நடந்த கருத்தரங்கில் சொன்னார். கேட்டவர்கள் உயிர்வேதியியல் ஆட்கள். நோயாளிகளோடு மல்லாடிக்கொண்டிருந்தவர்கள் வேறு ஊர்களில் இருந்தார்கள். அதற்கும் ஏழு ஆண்டு முன்பே, 1953-ல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் காலரா நோயாளிகளைத் தேற்றி, ‘லான்செட்’டில் எழுதியிருந்தார். காரணம் அவருக்குத் தெரிய வழியில்லை, படித்தவர்களும் பொருட்படுத்தவில்லை. 1968-ல் டாக்காவிலிருந்து நாலினும் கேஷும் முறையான ஆய்வோடு அதே விஷயத்தைச் சொன்னபிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்த்தும் நம்பாதவர்களுக்கு 1971 வந்தது. வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் பாங்கான் ஊரில் லட்சக்கணக்கில் குவிந்தார்கள். மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையில் கிடக்க, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் கழிவின் நடுவே மண்டியிட்டுத்தான் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றுவதற்கான சலைனும் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவில் குளுக்கோஸையும் சாப்பாட்டு உப்பையும் சோடா உப்பையும் நிறுத்துப் பையில் கட்டி வரவழைத்தார்: லிட்டருக்கு 22 கிராம், 3.5 கிராம், 2.5 கிராம். குழாய் வைத்த டிரம்மில் கலக்கி வைத்து, உறவினர்களிடம் குவளையைக் கொடுத்து, புகட்டச் சொன்னார். செவிலியர் வேண்டாம், ஊசி வேண்டாம். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு அவருடைய வார்டுகளில் 3.6 சதவீதமாக இறங்கியது. 2022-ல் அவர் காலமான பிறகுதான் நாடு பத்ம விபூஷண் கொடுத்தது. இருக்கும்போது கொடுத்திருக்கலாம்.

இப்போது அலமாரியில் மடித்து வைத்த மீதிப் பொட்டலத்துக்கு வருவோம். இன்றைய ஓஆர்எஸ்ஸில் சோடியமும் குளுக்கோஸும் சம அளவில், லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் இருக்கின்றன. கரைந்த பொருள் எல்லாம் சேர்ந்து 245. இரத்தத்தைவிட இது சற்று நீர்த்தது, அதனால் நீர் குடலிலிருந்து உடலுக்குள் போகும். ஒரு தம்ளர் நீரில் அரைப் பொட்டலத்தைக் கொட்டினால் கரைசல் இரத்தத்தைவிடக் கெட்டியாகிவிடும். நீர் எதிர்த்திசையில், உடலிலிருந்து குடலுக்குள் வரும். போக்கு கூடும். சர்க்கரை மிகுந்து உப்பு குறைந்த பெட்டிப் பானங்களிலும் இதே தொல்லைதான். அவற்றின் மேல் ‘ஓஆர்எஸ்’ என்று அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத எதற்கும் அந்தப் பெயர் கூடாதென்று 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. ஒரு குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் விடாமல் போராடிய பிறகு.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி இதே வேலையைச் செய்யும். கஞ்சியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லத்தான் குளுக்கோஸாக உடையும் என்பதால் கரைசல் கெட்டிப்படாது. பாட்டி வைத்தியம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், பாட்டி உப்புப் போட்டிருந்தால். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ராமகிருஷ்ணா குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சோள மாவுச்சத்தை ஓஆர்எஸ்ஸில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அது பெருங்குடல் வரை போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் புளித்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாறியது. அவை பெருங்குடலையும் சோடியமும் நீரும் இழுக்க வைத்தன. போக்கு குறைந்தது, சீக்கிரம் நின்றது. ஆய்வு 2000-ல் வெளியானது.

எஸ்ஜிஎல்டி1 இல்லாமலே பிறக்கும் குழந்தைகளும் உண்டு, மிக அபூர்வமாக. தாய்ப்பால் குடித்த சில நாளிலேயே விடாத வயிற்றுப்போக்கு தொடங்கும். பாலின் சர்க்கரை உடைந்தால் வரும் குளுக்கோஸும் கேலக்டோஸும் இந்த ஒரே புரதத்தை நம்பியிருப்பவை. இதை 1962-ல் ஸ்வீடனிலும் பிரான்ஸிலும் அடையாளம் கண்டார்கள். அந்த இரண்டு சர்க்கரையையும் நிறுத்தி ஃபிரக்டோஸ் கொடுத்தால் குழந்தை தேறிவிடும். ஃபிரக்டோஸுக்கு வேறு புரதம், வேறு வழி.

நம் குழந்தைக்கு அந்தக் குறை இல்லை. குடல் செல்லுக்குள் வந்த மூலக்கூறு மறுபக்கம் குளூட்2 என்ற புரதம் வழியே இரத்தத்துக்குள் இறங்குகிறது. இங்கே சோடியத்தின் தயவு தேவையில்லை. நிறைய இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கம் தானாகப் போகும் பயணம், புரதம் வழிவிட்டால் போதும். நேராகக் கல்லீரல். அங்கே பாதிப்பேர் தங்கிவிடலாம். நம்முடையது தப்பி இதயம் வழியாகச் சுற்றுக்கு வருகிறது.

போகும் வழியில் ஒரு சிவப்பணு. அதற்குக் குளுக்கோஸைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. அதன் சவ்வில் குளூட்1 லட்சக்கணக்கில் நிற்கிறது. மூளைக்கு எல்லை கட்டும் இரத்தக் குழாய்களிலும் இதே புரதம்தான். இதன் வடிவத்தை அணு அணுவாக 2014-ல் பெய்ஜிங்கில் நிங் யானின் குழு வெளியிட்டது. உள்ளே போனது திரும்பி வராமல் இருக்கச் செல் ஒரு தந்திரம் செய்கிறது. நுழைந்த கையோடு ஒரு நொதி வந்து குளுக்கோஸின் மேல் பாஸ்பேட் ஒன்றை ஒட்டிவிடும். பாஸ்பேட்டோடு இருப்பது குளூட் புரதத்தில் பொருந்தாது, மின்னேற்றத்தோடு கொழுப்பையும் தாண்ட முடியாது. உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். ஒட்டிய பாஸ்பேட்டைப் பிரித்து மறுபடி இரத்தத்துக்கு அனுப்பும் நொதி கல்லீரல் போன்ற சில இடங்களில்தான் உண்டு. தசையில் இல்லை. சர்க்கரையைத் தசை யாருக்கும் திருப்பித் தராது.

தசையின் ஏற்பாடே தனி. அங்கே குளூட்4, பெரும்பாலும் சவ்வில் இருக்காது. செல்லுக்குள் சிறு சிறு குமிழ்களின் சுவரில் பதுங்கியிருக்கும். சாப்பிட்டதும் இன்சுலின் வந்து சவ்வைத் தொட்டால் குமிழ்கள் மேலே வந்து சவ்வோடு கலக்கும், குளூட்4 வெளிமுகம் காட்டும். 1980-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கொழுப்புச் செல்லில் இதைக் கண்டன. சுற்றி வளைக்காமல் சொன்னால், நம்மில் பலருக்கு வரும் சர்க்கரை நோயில் இன்சுலின் தொட்டும் குமிழ்கள் சரியாக மேலே வருவதில்லை. ஆனால் தசை சுருங்கினாலே, இன்சுலின் சொல்லாமலே, அவை மேலே வரும். சாப்பிட்டபின் நடங்கள் என்று மருத்துவர்கள் நச்சரிப்பதற்குப் பின்னால் இந்தப் பாதை இருக்கிறது. நம் மூலக்கூறு இப்படி ஒரு தசைச் செல்லுக்குள் போய், உடைந்து, கரியமில வாயுவாகக் குழந்தையின் மூச்சில் வெளியேறியிருக்கலாம். அதோடு அதன் சரித்திரம் முடிந்தது.

ஆனால் அந்த வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார், அவருக்குச் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இரவுச் சோற்றிலிருந்து வந்த இன்னொரு குளுக்கோஸ் எந்தத் தசையும் ஏற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றுகிற எல்லாம் சிறுநீரகத்துக்கு வந்தாக வேண்டும். சிறுநீரகங்கள் நாளுக்கு 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் பெரும்பாலானதைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. சர்க்கரை அளவு சரியாக உள்ளவருக்கே சுமார் 180 கிராம் குளுக்கோஸ் இப்படி வடிகிறது. அத்தனையையும் மீட்க, குழாய்களின் தொடக்கத்தில் எஸ்ஜிஎல்டி2 நிற்கிறது. குடலில் நின்றதன் தம்பி. பத்தில் ஒன்பது பங்கை இது பிடித்துவிடும், தப்பியதைக் கொஞ்சம் தள்ளி நிற்கும் எஸ்ஜிஎல்டி1 பிடிக்கும். இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் இருவருக்கும் கை போதாமல் சிறுநீரில் சர்க்கரை ஒழுகும். சர்க்கரையை வீணாக்காமல் சேமிக்கப் பழகிய உடல் இது. மிஞ்சிப்போய்விட்டவரின் உடலிலும் பழக்கத்தை விடாமல் திரும்ப உள்ளே ஏற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்தத் தம்பியை மட்டும் மூடிவிட்டால் என்ன? மூடும் பொருள் 1835-லேயே கையில் இருந்தது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின். காய்ச்சலுக்கு மருந்தாகும் என்று பார்த்தார்கள். 1886-ல் வான் மெரிங் அதை நாய்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. இரத்தத்தில் சர்க்கரை ஏறவே இல்லை. மருந்தாகாமல் போனதற்கு ஒரு காரணம், அது குடலிலிருக்கும் அண்ணனையும் சேர்த்து அடைத்தது. காலராவில் நம்மைக் காப்பாற்றிய அதே வாசல். அதை அடைத்தால் வயிற்றுப்போக்கு. எஸ்ஜிஎல்டி2 பிறவியிலேயே வேலை செய்யாத சிலர் வாழ்நாள் முழுக்கச் சிறுநீரில் சர்க்கரை விட்டுக்கொண்டு பெரிய தொந்தரவின்றி நடமாடியது வேதியியலாளர்களுக்குத் தெம்பு கொடுத்தது. தம்பியை மட்டும் தேடிப் பிடிக்கும் மூலக்கூறுகளைச் செதுக்கினார்கள். டபாகிளிஃப்ளோசின் ஐரோப்பாவில் 2012-ல் அனுமதி பெற்றது. எம்பாகிளிஃப்ளோசின் இதய நோயுள்ள சர்க்கரை நோயாளிகளின் ஆயுளையும் நீட்டுகிறது என்று 2015-ல் வந்த முடிவு, அதை உருவாக்கியவர்களே எதிர்பார்க்காத அளவில் இருந்தது. 2025 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் கம்பெனிகள் பல குதித்து விலையைச் சரித்தன. இன்று தெருமுனை மருந்துக் கடையிலும் கிடைக்கிறது.

தாத்தா காலையில் போட்ட மாத்திரை எஸ்ஜிஎல்டி2-வின் வெளிவாசலில் போய் அடைத்துக்கொண்டது. வடிகட்டி இறங்கிய குளுக்கோஸ் ஏற ஆளில்லாமல் சிறுநீரோடு போகிறது. கூடவே சோடியமும் நீரும் கொஞ்சம் கூடுதலாகப் போகின்றன, அந்தப் புரதக் குடும்பத்தின் வழக்கப்படி. சாதாரண நாளில் இதனால் இரத்த அழுத்தம் சற்றுக் குறையும், நல்லதுதான். பேரனிடமிருந்து தாத்தாவுக்கும் வயிற்றுப்போக்கு தொற்றிக்கொண்டால் கதை வேறு. குடலில் போவது போதாதென்று சிறுநீரிலும் நீர் போகும். சாப்பாடு இறங்காத உடல் கொழுப்பை எரிக்க, கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் சேரும். அதனால்தான் இந்த மாத்திரை போடுகிறவர்களிடம், வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் தேறும்வரை நிறுத்திவைக்கும்படியும், எப்போது மறுபடி தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளும்படியும் மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். குளுக்கோமீட்டரில் 150 என்று வந்தால் வீட்டார் நிம்மதியடைந்துவிடுவார்கள். சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டிருப்பதால் எண் ஏறாது, அமிலம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். மூச்சு வாங்குவது, ஓயாத குமட்டல், வயிற்றுவலி இவற்றைப் பார்த்தால் எண்ணைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். போனதும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.